வெறிநாய் ஊசி: அடுத்த வருஷமும் வண்டி வருமா?

ராயபுரம் ஜி.ஏ. ரோடு சமாசாரம் ஞாபகம் இருக்கிறதா? 2023 நவம்பரில் ஒரே ஒரு தெருநாய், ஒரே நாளில், 25 பேருக்கு மேல் கடித்துக் குதறியது. ஜனங்கள் அதை அடித்தே கொன்றார்கள். பிறகு பரிசோதித்துப் பார்த்தால், வெறிநோய்!

அந்த நாய்க்குக் காலாகாலத்தில் ஊசி போட்டிருந்தால் இத்தனை பேர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருக்க வேண்டாம். நாயும் அப்படிச் செத்திருக்க வேண்டாம்.

தெருநாய் என்றதும் இரண்டு கோஷ்டி கிளம்பிவிடுகிறது. 'பிடித்துக் கொல்லு' என்கிறது ஒன்று. 'தொடாதே' என்கிறது இன்னொன்று. கொல்லுகிற வேலையைத்தான் சென்னை மாநகராட்சி 1996 வரை செய்து பார்த்ததே! நாய் ஒழிந்ததா? தெருவில் குப்பை கிடக்கிறவரை, காலியான இடத்துக்கு அடுத்த தெரு நாய் குடிவந்து குட்டி போட்டது. அப்புறம்தான் கருத்தடைக்கு வந்தார்கள். 2001-ல் மத்திய அரசு அதற்கு விதி போட்டது. 2023-ல் புது விதி வந்தது. பிடி, ஆபரேஷன் செய், வெறிநோய் ஊசி போடு, பிடித்த இடத்திலேயே விடு. இவ்வளவுதான் சாரம்.

திட்டம் சரி. கணக்குதான் உதைக்கிறது. 2018-ல் சென்னையில் எண்ணியபோது தெருநாய் சுமார் 57 ஆயிரம். 2024-ல் சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம்! அதில் கருத்தடை ஆனது நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேல். புளியந்தோப்பிலும் கண்ணம்மாபேட்டையிலும் ராப்பகலாக ஆபரேஷன் செய்தாலும் இது லேசில் முடிகிற காரியமா?

ஆபரேஷன் குட்டியைக் குறைக்கும். பலன் தெரிய வருஷக்கணக்காகும். வெறிநோயைத் தடுப்பது ஊசி. அதற்குக் கத்தி வேண்டாம், கூண்டில் வைத்துப் பராமரிக்க வேண்டாம். வலை போட்டுப் பிடித்து, தெருவிலேயே குத்திவிட்டு விட்டுவிடலாம். ஊர் நாய்களில் நூற்றுக்கு 70-க்கு ஊசி போட்டால் நோய் பரவுவது அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 2030-க்குள் நாயால் வரும் வெறிநோய்ச் சாவே இருக்கக்கூடாது என்று மத்திய அரசு 2021-ல் போட்ட திட்டமும் இந்த 70-ஐத்தான் நம்பி நிற்கிறது. கோவாவில் விடாமல் வருஷா வருஷம் போட்டார்கள். 2021-ல் வெறிநோய் கட்டுக்குள் வந்துவிட்ட பகுதி என்று அந்த அரசு அறிவித்தது.

சென்னைக்கு இந்த 70 என்பது 1 லட்சத்து 26 ஆயிரம் நாய். 2025 ஆகஸ்டில் மாநகராட்சியார் தெருத்தெருவாக இறங்கி ஊசி போட ஆரம்பித்தார்கள். சபாஷ்! ஆனால் ஒரு ஊசி ஆயுசுக்கும் நிற்காதே. வருஷம் ஒருமுறை போட்டாக வேண்டும். போன வருஷம் ஊசி போட்ட கிழநாய் செத்துப்போயிருக்கும். புதுக்குட்டி ஊசி இல்லாமல் திரியும். ஒரு வருஷம் தடபுடல், மறு வருஷம் குறட்டை என்றால், போட்ட காசெல்லாம் கூவத்தில் போட்ட மாதிரிதான்.

எங்கள் வார்டில் எத்தனை நாய், எத்தனைக்கு ஊசி ஆயிற்று, அடுத்து எந்தத் தேதியில் வண்டி வரும்? இதை ஒவ்வொரு வார்டு ஆபீஸ் வாசலிலும் எழுதி மாட்டட்டும். தெருவில் சோறு வைக்கிற அம்மாக்களை எதிரியாகப் பார்க்காமல், வண்டிக்காரர்கள் அவர்களையும் கூட்டிக்கொண்டு போகட்டும். வலையைக் கண்டால் ஓடுகிற நாய், அந்த அம்மா கூப்பிட்டால் வாலை ஆட்டிக்கொண்டு வருகிறது!

பொதுமக்களுக்கு ஒன்று. நாய் கடித்தால் மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு உடனே அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஊசி இலவசம். தொப்புளைச் சுற்றிப் போட்ட காலம் மலையேறிவிட்டது, இப்போது கையில்தான். முதல் நாள், பிறகு 3, 7, 28-ம் நாட்களில் என்று தேதி போட்டுக் கொடுப்பார்கள். ஒன்றைக்கூட விடாதீர்கள். ரத்தம் வருகிற காயம் என்றால் இம்யூனோகுளோபுலின் மருந்தும் வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நோய் முற்றி, தண்ணீரைக் கண்டு மிரள ஆரம்பித்த பிறகு எந்த டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது.