‘ஆடுது’ன்னு மட்டும் சொல்லாதீங்க

மயிலாப்பூர்ல நிக்கிற காரோட நடுக்கம் மகாபலிபுரம் போற வழியிலதான் வெளிய வரும். லஸ் கார்னர்ல 30-ல ஊர்ந்து போகும்போது ஒண்ணும் தெரியாது. ஊரைத் தாண்டி 90-ஐத் தொட்டதும் ஸ்டியரிங் கிடுகிடுன்னு ஆடும். மறுநாள் மெக்கானிக்கிட்ட விட்டால், மந்தைவெளி வரை ஒரு ரவுண்டு போயிட்டு வந்து “நல்லாத்தானே ஓடுது தம்பி” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. சென்னை நகருக்குள் கார்களுக்கு 60 கி.மீ. தான் வரம்பு என்று 2023 நவம்பரில் போக்குவரத்துக் காவல்துறை அறிவித்தது. 90-ல் வரும் கோளாறை அவர் எங்கே போய்த் தேடுவார்?

அப்புறம் எல்லாம் யூகம்தான். முதலில் அலைன்மென்ட், அடுத்து பேலன்சிங், பிறகு சஸ்பென்ஷன், கடைசியில் நாலு டயரும் புதுசு. ஒவ்வொன்றுக்கும் அப்பா பணம் கட்டுவார். “மெக்கானிக் ஏமாத்திட்டான்”னு வீட்டுல பேச்சு வரும். என் கருத்து வேற. இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டிலிருந்து அவருக்குப் போன தகவல் ‘ஆடுது’ என்ற ஒரே சொல். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்குது.

செமஸ்டருக்குப் படிச்ச சூத்திரத்தை இங்கே போட்டுப் பாருங்க. 14 அங்குல ரிம்மின் விளிம்பில் 20 கிராம் எடை கூடுதல் என்று வைப்போம். அந்த டயரின் சுற்றளவு சுமார் 1.83 மீட்டர். 100 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு 15 முறை சுற்றும். அப்போது அந்த 20 கிராம் கொடுக்கும் விசை சுமார் 32 நியூட்டன், அதாவது மூணு கிலோவுக்கு மேல். 50 கி.மீ.யில் அதில் கால்வாசிதான். டி.நகர் நெரிசலில் ஏன் தெரியலைன்னு இப்போ புரியுதா? மழைத் தண்ணியில் ஓட்டி ரிம்முக்குள் சேறு ஒட்டிக் காய்ந்தாலே இந்தக் கதைதான். அதுக்குப் பாகம் மாத்த வேண்டாம், கழுவினால் போதும்.

அதனால மெக்கானிக்கிட்ட போகும் முன் ஒரு தாளில் இவற்றை எழுதுங்க:

எந்த வேகத்தில் தொடங்குது, எதில் குறையுது? ஸ்டியரிங்கில் தெரிந்தால் பெரும்பாலும் முன்சக்கரம். சீட்டில் தெரிந்தால் பின்சக்கரம். பிரேக் போட்டால் மட்டும் ஆடினால் டிஸ்க்கைப் பாருங்க. ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும் என்றால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட். ஒரே வேகத்தில் கியரை மாற்றியும் நடுக்கம் மாறலையா? இன்ஜினை விட்டுட்டு சக்கரப் பக்கம் போங்க. அடையாறு நிழலில் வாரக்கணக்கா நின்ற கார் முதல் சில கிலோமீட்டர் மட்டும் ஆடினால், டயர் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும், சூடானதும் சரியாகும்.

பக்கத்து சீட்டில் இருப்பவர் போனில் அதிர்வு அளக்கும் ஆப்பைத் திறந்து வைக்கலாம். 100 கி.மீ.யில் 15 ஹெர்ட்ஸ் பக்கம் உச்சம் வந்தால் சக்கரம். 3000 ஆர்.பி.எம்.மில் இன்ஜினின் சுழற்சி 50 ஹெர்ட்ஸ். இரண்டையும் குழப்பிக்க முடியாது.

ஒரு நிபந்தனை. இந்தச் சோதனைக்குக் கிளம்பும் முன் வீல் நட்டு இறுக்கமா இருக்கா, டயரில் எங்காவது புடைப்பு இருக்கான்னு பாருங்க. புடைப்பு இருந்தால் சோதனையே வேண்டாம், ஸ்டெப்னியை மாட்டுங்க. சோதனையும் அந்த வேகத்துக்கு அனுமதி உள்ள நெடுஞ்சாலையில் மட்டும்தான். நடுக்கம் திடீரென்று வந்தாலோ, கூடிக்கொண்டே போனாலோ, ஓரமா நிறுத்துங்க.

பிறகு அந்தத் தாளை மெக்கானிக் அண்ணன் கையில் கொடுங்க. ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம், ஓட்டிப் பார்த்துட்டுத்தான் அடுத்தது. அவருக்கு அனுபவம் இருக்கு, உங்களிடம் அளவு இருக்கு. ரெண்டும் சேர்ந்தால் நாலு டயர் காசு மிஞ்சலாம்.