என் ரிப்போர்ட்டை என்னிடம் கொடுங்கள்

முப்பத்தாறு வருஷம் தபால் துறையில் வேலை பார்த்தவன் நான். ஒருவர் பெயருக்கு வந்த பதிவுத் தபாலை, அவர் கையெழுத்தோ அவர் எழுதிக் கொடுத்த அதிகாரமோ இல்லாமல் இன்னொருவரிடம் கொடுத்ததில்லை. "இதில் கெட்ட சேதி இருக்கும் போலிருக்கிறது, பையனிடம் கொடுத்துவிடுவோம்" என்று எங்கள் தபால்காரர் யாரும் முடிவு செய்ததில்லை. மருத்துவமனைகள் மட்டும் எப்படிச் செய்கின்றன?

போன ஆடி மாதம் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையில் எனக்கு 9.2 வந்தது. 4-க்குள் இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. புராஸ்டேட் வீங்கினாலும் சிறுநீர்த் தொற்று இருந்தாலும் இந்த எண் ஏறும். ஏறினாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. டாக்டர் இதையெல்லாம் பொறுமையாகத்தான் சொன்னார். யாரிடம்? என் மகனிடம். "அப்பாவுக்கு ஒரு பயாப்ஸி பண்ணிடலாம் சார்" என்றார். அப்பா பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். வயது எழுபத்தொன்று. காது நன்றாகவே கேட்கும்.

ஊசி வழியாகப் பன்னிரண்டு துணுக்குகள் எடுத்தார்கள். ரிப்போர்ட் எப்போது வரும் என்று கேட்டேன். "வந்ததும் போன் பண்ணுவோம்" என்றார்கள்.

ஆய்வகத்தில் வேலை அதிகம் என்பது எனக்குத் தெரியும். துணுக்குகளை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் இன்னொரு சோதனை. நாளாகத்தான் செய்யும். நான் அவசரப்படுத்தவில்லை, ஒரு தேதி கேட்டேன். புதன்கிழமை சாயங்காலம் என்று சொல்லிவிட்டால் செவ்வாய் ராத்திரி வரை மனுஷன் சாப்பிடுவான், தூங்குவான். தேதி இல்லாவிட்டால் போன் அடிக்கும்போதெல்லாம் நெஞ்சு நின்றுவிடுகிறது. ராத்திரி நாலு தடவை பாத்ரூம் போக எழுந்திருக்கும் உடம்பு இது. நாலு தடவையும் போனை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன்.

எட்டாம் நாள் வீட்டில் எல்லோரும் திடீரென்று என்னிடம் அன்பாகிவிட்டார்கள். பெங்களூருக்குத் திரும்பிப் போயிருந்த மகன் ஒரே நாளில் மூன்று முறை கூப்பிட்டு, "சாப்பிட்டீங்களாப்பா?" என்றான். எனக்குச் சர்க்கரை என்று காபிக்கே கணக்குப் பார்க்கும் என் மனைவி, நெய் சொட்டச் சொட்டக் கேசரி கிளறி வைத்தாள். கேசரியைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. ரிப்போர்ட் வந்தாயிற்று.

மூன்று நாள் யாரும் வாய் திறக்கவில்லை. அந்த மூன்று நாளில் நான் செத்துப்போகத் தயாரானேன். பென்ஷன் புத்தகம், எல்.ஐ.சி. பத்திரம், வங்கிப் பாஸ்புக் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு, பீரோவில் கண்ணில் படும்படி வைத்தேன். நாலாம் நாள் மனைவியிடம், "சொல்லிடு, எத்தனை நாளைக்குக் கேசரி கிண்டுவே?" என்று கேட்டேன். அவள் உடைந்து அழுதாள்.

பதிவுப் படிவத்தில் மகன் தன் நம்பரை எழுதியிருக்கிறான். ரிப்போர்ட் அவன் வாட்ஸப்புக்குப் போயிருக்கிறது. அப்பா தாங்க மாட்டார் என்று அம்மாவும் பிள்ளையும் பேசி முடிவு செய்திருக்கிறார்கள்.

வந்தது புற்றுநோய்தான். இரண்டு துணுக்குகளில் இருந்தது. கிளீசன் ஸ்கோர் 6. பயாப்ஸியில் புற்றுநோய் என்று உறுதியானால் பொதுவாகத் தரப்படும் மிகக் குறைந்த மதிப்பெண்ணே 6-தான், உச்சம் 10. நேரில் போய்க் கேட்டபோது டாக்டர், "இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், விடாமல் கண்காணித்து வந்தால் போதும்" என்றார். கேட்க ஐந்து நிமிஷம்தான் ஆயிற்று. 'புற்றுநோய்' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மூன்று பேரும் மூன்று மூலையில் அழுதுகொண்டிருந்தோம்.

"அதிர்ச்சியில் ஏதாவது ஆகிவிட்டால்?" என்பார்கள். அன்பினால் கேட்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் பெற்றவர்களுக்குக் கொள்ளி வைத்து, கூடப் பிறந்தவர்களைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்து நிற்பவர்கள் நாங்கள். ஒரு தாளில் உள்ள சேதியை எங்களால் தாங்க முடியும். முடியாதென்றால் "எனக்குச் சொல்ல வேண்டாம், பையனிடம் சொல்லுங்கள்" என்று நோயாளியே சொல்லட்டும். அதுவும் அவர் உரிமைதான். அவரைக் கேட்காமல் மற்றவர்கள் தீர்மானிப்பதுதான் தப்பு.

தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் நோயாளிகள் உரிமைச் சாசனம் ஒன்றைத் தயாரித்தது. அதில் உள்ள 17 உரிமைகளில் முதலாவதே தகவல் பெறும் உரிமை. அந்தச் சாசனம் நோயாளி என்று சொல்வது நம்மைத்தான், நம் பிள்ளைகளை அல்ல.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. படிவத்தை நீங்களே நிரப்புங்கள், உங்கள் நம்பரை எழுதுங்கள். தேதி சொல்லாமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். டாக்டர் பிள்ளையைப் பார்த்துப் பேசினால், "டாக்டர், நோயாளி நான்தான்" என்று சொல்லுங்கள். பிள்ளை கூட இருக்கட்டும். அவன் இருந்தால் நமக்கும் தெம்புதான்.

அடுத்த பி.எஸ்.ஏ.வுக்கு நேற்று ரத்தம் கொடுத்தேன். முடிவு நாளை மாலை ஐந்து மணிக்கு என் போனுக்கு வரும். பயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் நேற்று ராத்திரி எழுந்த நாலு தடவையும் போனைத் தொடவில்லை.