கல்லாவும் முக்காலியும்

கடைக் கணக்கை நயா பைசா பிசகாமல் எழுதும் வணிகர்களில் பலர் உடம்பின் கணக்கைப் புரட்டிப் பார்ப்பதே இல்லை. நாற்பது ஆண்டுகளாக மொத்த வியாபாரம் செய்துவரும் நாமும் அப்படித்தான் இருந்தோம். கல்லாவை விட்டு எழுந்திருக்க மேசையைப் பிடிக்க வேண்டும் என்ற நிலை வந்த பிறகே முழங்காலுக்கு வைத்தியம் பார்க்கப் போனோம். மருத்துவர் விளக்கியதையும், பின்னர் நாம் படித்து அறிந்ததையும் சக வணிகர்களுக்குச் சொல்வது கடமை எனக் கருதுகிறோம்.

வளர்ந்த மனிதனுக்கு 206 எலும்புகள். எலும்பை உத்திரக்கட்டை போல உயிரற்றதாக நினைக்கிறோம். அது தவறு. அதில் பழையது கரைந்து புதியது சேர்ந்துகொண்டே இருக்கிறது. உடம்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான் இருப்பு வைக்கப்பட்டுள்ளது. உடம்பு நடந்து, எடை தாங்கி, உழைத்தால் வரவு வலுக்கும். ஒரே இடத்தில் கிடந்தால் செலவு மிஞ்சும்.

தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. ஆகவே அவை ஜோடியாக வேலை செய்கின்றன. கையை மடக்க முன்புறத் தசை இழுக்கும். நீட்டப் பின்புறத் தசை இழுக்கும். ஒன்று இழுக்கையில் மற்றது தளர்ந்து ஓய்வெடுக்கும். கெண்டைக்கால் தசைக்கு இன்னொரு வேலையும் உண்டு. நாம் நடக்கும்போது அது பம்பு போலச் சுருங்கி விரிந்து, காலில் இறங்கிய ரத்தத்தை மேலே ஏற்றுகிறது. அசையாமல் நின்றால் பம்பு ஓடாது. நாள் முழுதும் நிற்பவர்களுக்குக் கால் வீங்குவதற்கும், ரத்த நாளங்கள் புடைத்துச் சுருண்டுகொள்வதற்கும் இது ஒரு காரணம்.

மூட்டில் எலும்பு முனைகளை மூடியுள்ள குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயே கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான நீர்தான் அதற்கு ஆகாரம். அழுத்தும்போது பஞ்சு போல நீரை விடும். அழுத்தம் நீங்கும்போது உறிஞ்சிக்கொள்ளும். மடக்கி நீட்டினால்தான் சரக்குப் போய்ச் சேரும்.

இதைக் கேட்டதும் நம் கடைதான் கண்முன் வந்தது. காலை முதல் இரவு வரை நாம் கல்லாவில் உட்கார்ந்தே இருக்கிறோம். எதிரே சிப்பந்திகள் நின்றே இருக்கிறார்கள். இரண்டும் உடம்புக்கு ஆகாது.

2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டு, ஊழியர்கள் அனைவருக்கும் இருக்கை தர வேண்டும் என்று ஆனது. கேரளத்தில் 2018இலேயே இது வந்துவிட்டது. "சிப்பந்தி உட்கார்ந்திருந்தால் வாடிக்கையாளர் என்ன நினைப்பார்?" என்று அப்போது முணுமுணுத்தவர்களில் நாமும் உண்டு. சட்டத்துக்காக இரண்டு முக்காலி வாங்கினோம். அவற்றின் மேல் சிட்டைக் கட்டுகள்தான் உட்கார்ந்திருந்தன.

நம்மிடம் இருபத்தைந்து ஆண்டு வேலை பார்த்த ஒருவர், காலில் ரத்த நாளம் புடைத்து, போன ஆண்டு வேலையை விட்டு நின்றார். ஒரு நாளும் அவர் முறையிட்டதில்லை. நம் முழங்காலுக்கு மருத்துவரைத் தேடிப் போன நாம், தினமும் எதிரே நின்ற அவர் காலைக் குனிந்து பார்த்ததில்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

மாலைக் கூட்டத்தில் யாரும் உட்கார முடியாது, உண்மைதான். ஆனால் மதியம் இரண்டு மணிக்குமேல் ஈயாடும் நேரத்திலும் அவர்கள் ஏன் நிற்க வேண்டும்? பொட்டலம் மடிப்பதை உட்கார்ந்து செய்யலாமே. நாமும் அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து குடோன் வரை நடந்து இருப்பைப் பார்த்து வரலாம். மூட்டு வலி முற்றியவர்கள் மருத்துவரைக் கேட்டுச் செய்யட்டும்.

ஒரு மூட்டைப் பருப்பின் விலைக்கு நாலைந்து முக்காலி வாங்கிவிடலாம். ஆய்வுக்கு வரும் அதிகாரிக்காக அல்ல, நம்மை நம்பி நிற்கும் கால்களுக்காக அதை வாங்கிப் போடுங்கள். வாங்கியபின் அதன்மேல் சிட்டைக் கட்டை வைக்காதீர்கள்.