சார்லி சான் முதல் வர்ஜில் டிப்ஸ் வரை: 'அந்தக் காலம் அப்படி' என்ற பதில் போதுமா?

அமெரிக்காவின் ஃபாக்ஸ் மூவி சேனல் 2003ஆம் ஆண்டு சார்லி சான் துப்பறியும் படங்களை வரிசையாக ஒளிபரப்பத் திட்டமிட்டது. ஆசிய வம்சாவளி அமைப்புகள் எதிர்த்ததால் திட்டம் கைவிடப்பட்டது. உடனே பழைய பட ரசிகர்கள் கொதித்தனர். கடைசியில் படங்கள் ஒளிபரப்பாயின, கூடவே ஆசிய-அமெரிக்கக் கலைஞர்களின் விவாதமும் வந்தது.

அப்படி என்னதான் இருக்கு அந்தப் படங்களில்?

யார் இந்த சார்லி சான்?

ஏர்ல் டெர் பிக்கர்ஸ் 1925இல் வெளியிட்ட நாவலில் அறிமுகமான துப்பறிவாளர். சீன வம்சாவளி, ஹொனலுலு போலீஸ். 1931 முதல் இந்த வேடத்தில் நடித்தவர் ஸ்வீடனில் பிறந்த வார்னர் ஓலண்ட். அவருக்குப் பிறகு சிட்னி டோலர், ரோலண்ட் வின்டர்ஸ். மூன்று பேருமே வெள்ளையர்கள்.

சானின் மகனாக நடித்த கீ லூக் மட்டும் நிஜமாகவே சீனாவில் பிறந்தவர். அதாவது கேஸை முடிக்கும் அப்பா வெள்ளைக்கார நடிகர், இடையில் சொதப்பும் பையன் சீன நடிகர்!

இன்னொரு பக்கமும் உண்டு. ஃபூ மான்சு போன்ற சீன வில்லன்களையே பார்த்துப் பழகிய திரையில், சான் நல்லவர், அறிவாளி. கீ லூக்கே இந்தப் படங்களை ஆதரித்துப் பேசியிருக்கிறார்.

வேறு வழியே இல்லையா?

'அந்தக் காலம் அப்படி' என்பதுதான் வழக்கமான பதில். ஆனால் 1937இல் வெளியான 'டாட்டர் ஆஃப் ஷாங்காய்' படத்தைப் பாருங்கள். ஆள் கடத்தும் கும்பலைத் தேடிப் போகும் நாயகி அன்னா மே வாங். அரசு துப்பறிவாளராக கொரிய-அமெரிக்க நடிகர் ஃபிலிப் ஆன். அதே ஹாலிவுட்டில், ஓலண்ட் சானாக நடித்துக்கொண்டிருந்த அதே ஆண்டில் இது நடந்தது. ஆக, நடிகர்கள் இல்லாமல் இல்லை. வாய்ப்புதான் இல்லை.

விதியும் ஒரு தடை. 1934 முதல் கறாராக அமலான ஹாலிவுட் தணிக்கை விதிகள், கருப்பினத்தவர்-வெள்ளையர் காதலைத் திரையில் காட்டத் தடை போட்டன. நடைமுறையில் இது ஆசிய நடிகர்களையும் பாதித்தது. ஹீரோ வெள்ளையர் என்றால், அவருக்கு ஜோடியாக ஆசிய நடிகையைப் போடவே ஸ்டுடியோக்கள் தயங்கின.

கதை ஒன்று, மேக்கப் ஒன்று

1958இல் வந்த 'டச் ஆஃப் ஈவில்' விசித்திரமான உதாரணம். போலி ஆதாரம் வைத்து மெக்சிகோ இளைஞரைச் சிக்கவைக்கும் அமெரிக்க போலீஸ் அதிகாரியைக் கேள்வி கேட்கும் படம் அது. ஆனால் நேர்மையான மெக்சிகோ அதிகாரியாக வந்தவர், முகத்தில் பழுப்பு மேக்கப் போட்ட சார்ல்டன் ஹெஸ்டன்!

மாற்றியவர்கள் யார்?

ஹாரி பெலஃபோன்டே சொந்தத் தயாரிப்பு நிறுவனமே தொடங்கினார். அவர் நடித்த 'ஆட்ஸ் அகெய்ன்ஸ்ட் டுமாரோ' (1959) படத்தில், வங்கிக் கொள்ளைத் திட்டம் நாசமாவதற்கு முக்கியக் காரணம் கூட்டாளி ஒருவரின் நிறவெறி.

1967இல் 'இன் தி ஹீட் ஆஃப் தி நைட்'. அமெரிக்கத் தென்மாநிலம் ஒன்றில் கொலை வழக்கை விசாரிக்கும் கருப்பின அதிகாரி வர்ஜில் டிப்ஸாக சிட்னி பாய்ட்டியர். தன்னை அறைந்த வெள்ளைக்காரப் பண்ணையாரை அவர் திருப்பி அறையும் காட்சி இன்றும் பேசப்படுகிறது. ஆனால் தெற்கில் தனக்குப் பாதுகாப்பில்லை என பாய்ட்டியர் கருதியதால், பெரும்பகுதி படப்பிடிப்பு வடக்கே இல்லினாய்ஸில்தான் நடந்தது. படத்துக்கு 5 ஆஸ்கர். சிறந்த நடிகர் விருது ராட் ஸ்டைகருக்கு. பாய்ட்டியருக்குப் பரிந்துரைகூட இல்லை.

காட்டலாமா, மறைக்கலாமா?

பழைய படங்களைப் பூட்டி வைத்தால் ஓலண்டின் மேக்கப் மட்டும் மறையாது, கீ லூக்கின் நடிப்பும் சேர்ந்தே காணாமல் போகும். 2003இல் நடந்ததுபோல விவாதத்தோடு காட்டுவது நடைமுறைக்கு ஒத்துவரும் வழி. அதோடு 'டாட்டர் ஆஃப் ஷாங்காய்' போன்ற படங்களையும் சேர்த்துக் காட்டினால், 'அந்தக் காலம் அப்படி' என்பது பாதி உண்மைதான் என்பது பார்ப்பவர்களுக்கே புரிந்துவிடும்.