துரோகி என்கிற ஊர்விலக்கம்

மேட்டூர் பக்கத்துக் கொளத்தூரில் 1980களில் புலிகளின் பயிற்சி முகாம் இருந்ததை நம்ம தமிழ்த்தேசியத் தோழர்கள் மேடைதோறும் பெருமையாகச் சொல்கிறார்கள். சொல்லட்டும். அதே காலத்தில் ஒரத்தநாட்டு முகாம்களில் செத்த பையன்களைப் பற்றிக் கேட்டால், "அது புளொட், நம்ம ஆளில்ல" என்று முடித்துக்கொள்கிறார்கள்.

புளொட் எங்கிருந்து வந்தது? 1980இல் புலிகளிலிருந்து நீக்கப்பட்டவர் உமாமகேஸ்வரன். 1982 மே 19இல் அவரும் பிரபாகரனும் சென்னை பாண்டி பஜாரில் சுட்டுக்கொண்டார்கள். நீக்கப்பட்டவரின் இயக்கம், கேள்வி கேட்ட தன் பிள்ளைகளையே உளவாளி என்று சித்திரவதை செய்து புதைத்தது. வெளியேறிய சந்ததியார் 1985இல் கொல்லப்பட்டார். தப்பியவர்கள் தீப்பொறி ஆனார்கள். கோவிந்தனின் 'புதியதோர் உலகம்' அவர்கள் பட்ட பாடுதான். 1986இல் புலிகள் டெலோவை அழித்தபோதும் அதே சொல்தான்: துரோகி.

தலைவருங்க சண்டையை விடுங்க, அவங்ககிட்ட ஆளும் துப்பாக்கியும் இருந்துச்சு. கடல் தாண்டி வந்த பதினெட்டு வயசுப் பையனை இயக்கம் தள்ளினா எங்கே போவான்? திரும்பிப் போனா ராணுவம்.

நாமக்கல் பக்கம் கூலி உயர்த்திக் கேட்டதற்கு எங்க வளவையே ஊர் விலக்கியது. கடையில் சாமான் கிடையாது, காட்டு வழி நடக்கக்கூடாது. "என்ன குத்தம்?" என்று கேட்டவனே அடுத்த குற்றவாளி. குற்றம் சாட்டுகிறவனே தீர்ப்பும் சொல்லுவான். முகாமிலும் இந்தப் பஞ்சாயத்துதான், கையில் துப்பாக்கியோடு.

"இப்ப பேசினா எதிரிக்கு லாபம்" என்கிறார்கள். 2009 மே மாதமே யுத்தம் முடிந்துவிட்டது. அடுத்த கொளத்தூர் கூட்டத்தில் ஒரத்தநாட்டில் புதைந்தவர்களின் பெயர்களையும் வாசியுங்கள் என்று கேட்கப் போகிறேன்.