கூப்பிடு தூரத்துக் கடல்



இந்த இதழ் அச்சுக்குப் போகும் முன் ஒரு தடவை இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள வாகரைக்குப் போய்வந்தேன். வாழைச்சேனையைத் தாண்டி, திருகோணமலை வீதியில் காயங்கேணி, மாங்கேணி என்று கடந்து பனிச்சங்கேணிப் பாலத்தடியில் இறங்கியபோது விடிந்து சற்று நேரம்தான் ஆகியிருந்தது. களப்பு நீர் கடலைப் பார்த்து இழுத்துக்கொண்டிருந்தது. ஐந்தாறு தோணிகள் நீரை எதிர்த்து உள்ளே போய்க்கொண்டிருந்தன. முன்னால் போனவர் திடீரென்று எழுந்து நின்று, இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக் குரல் கொடுத்தார். பின்னால் வந்தவர்கள் மறுபேச்சில்லாமல் வலையை இழுத்து ஏற்றிக்கொண்டு ஒதுங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் வேரோடு பெயர்ந்த ஒரு பெரிய மரம் நீரோட்டத்தில் மிதந்து வந்து பாலத்துக்குக் கீழாகக் கடலுக்குப் போனது.

கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "கண்டவன் சொல்லவேணும் தங்கச்சி. சொல்லாட்டி அடுத்தவன்ட வலை போயிரும்" என்றார். அவருக்கு அது பேசவேண்டிய விஷயமாகவே படவில்லை. ஊசியில் கண் வைத்தபடி அடுத்த கண்ணியைப் பொத்தத் தொடங்கிவிட்டார். எனக்கோ வீடு திரும்பும் வரை அந்தச் சொல் காதை விட்டுப் போகவில்லை. கடலைச் சுற்றியிருக்கும் நாடுகள் கூடி அதைக் காப்பது பற்றி எத்தனையோ அறிக்கைகள் வாசித்திருக்கிறேன். அவற்றில் பக்கம் பக்கமாகத் தேடியது இந்த ஒரு சொல்லில் இருந்தது.

2004 டிசம்பர் 26 காலை ஏழு மணிக்குச் சற்று முன்னர் சுமாத்திராவுக்கு அருகே கடலடி அதிர்ந்தது. பேரலை நம் கிழக்குக் கரையை வந்தடைய ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் எடுத்தது. ஒரு தாய் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, கிழவனையும் கிழவியையும் கைபிடித்துக்கொண்டு, கரையை விட்டு நடந்தே தூரப் போய்விடக்கூடிய நேரம் அது. அவ்வளவு நேரமும் யாரும் நம்மைக் கூப்பிடவில்லை. பசிபிக் கடலைச் சுற்றியிருந்த நாடுகளுக்கு 1965 முதல் கூட்டு எச்சரிக்கை ஏற்பாடு ஒன்று இருந்தது. நம் கடலுக்கு இருக்கவில்லை. வாகரைக் கரையில் அந்தக் காலையைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றும் பேச்சு பாதியில் நின்றுவிடுகிறது.

பிறகு அந்த ஏற்பாடு நமக்கும் வந்தது. யுனெஸ்கோவின் கடலியல் ஆணைக்குழுவின் கீழ், 2011 முதல் அவுஸ்திரேலியா, இந்தியா, இந்தோனேசியா ஆகிய மூன்று நாடுகளின் நிலையங்கள் இந்தியப் பெருங்கடல் முழுவதற்கும் எச்சரிக்கை தருகின்றன. இந்தியாவின் நிலையம் ஐதராபாத்தில் இருக்கிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெரிய அதிர்வு வந்தபோது செய்தி வந்தது. நம் கரையோர மக்கள் எழுந்து உள்நாட்டுப் பக்கம் போனார்கள். பேரலை வரவில்லை. வந்திருந்தாலும் இம்முறை கூப்பிட ஆள் இருந்தது.

காற்றின் விஷயத்தில் இந்த உறவு இன்னும் பழையது. வங்காள விரிகுடாவையும் அரபிக்கடலையும் சுற்றியுள்ள நாடுகள் சூறாவளிக்காக 1972 இலேயே ஒரு குழுவாகக் கூடின. இன்று 13 நாடுகள் அதில் இருக்கின்றன. புயல்களுக்குப் பெயர் கொடுப்பதும் இவர்கள்தான். 2025 நவம்பர் இறுதியில் நம் தீவைப் புரட்டிப்போட்ட டித்வா, ஏமன் கொடுத்த பெயர். சொகோத்ராத் தீவில் உள்ள ஒரு களப்பின் பெயராம் அது. எங்கோ ஒரு களப்புக் கரை நமக்குத் தந்த பெயர் என்று அறிந்தபோது மனம் ஒரு மாதிரியாகிவிட்டது. அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களை அந்தப் புயல் கொண்டுபோனது. நாடுகளுக்கிடையே செய்தி போவது ஒன்று, அந்தச் செய்தி கடைசி வீட்டின் வாசலுக்குப் போவது இன்னொன்று. இரண்டாவதில் நாம் இன்னும் வெகுதூரம் நடக்கவேண்டியிருக்கிறது. ஆனால் 1978 சூறாவளியைப் பார்த்த மட்டக்களப்புப் பெரியவர்களைக் கேட்டால், முதலாவது எவ்வளவு மாறியிருக்கிறது என்று சொல்வார்கள்.

ஆக, கடல் பொங்கி வரும்போது சொல்ல நமக்கு ஆள் இருக்கிறது. கடல் கெட்டுப்போகும்போது சொல்ல யார் இருக்கிறார்கள்? இந்த இதழைத் தொகுத்த நாட்களெல்லாம் இந்தக் கேள்வியோடுதான் இருந்தேன்.

இரண்டு கப்பல்களை எடுத்துக்கொள்வோம். 2020 செப்டெம்பர் 3 அன்று நம் கிழக்குக் கரையின் சங்கமன்கண்டிக்கு அப்பால் 'நியூ டயமண்ட்' என்ற எண்ணெய்க் கப்பல் தீப்பற்றியது. குவைத்திலிருந்து இந்தியாவின் பாரதீப் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்த அந்தக் கப்பலில் ஏறக்குறைய 2,70,000 தொன் மசகெண்ணெய் இருந்தது. கப்பலில் வேலை செய்த ஒருவர் உயிரிழந்தார். இலங்கைக் கடற்படை போனது; இந்தியக் கரையோரக் காவற்படைக் கப்பல்களும் உடனே வந்தன. அணைத்த தீ மறுபடி மூண்டது, மறுபடி அணைத்தார்கள். மசகெண்ணெய்த் தாங்கிகள் தப்பின. கப்பலின் எரிபொருள் சிறிதளவு கசிந்ததோடு ஆபத்து நின்றது. அந்த எண்ணெய் முழுதும் கடலில் கலந்திருந்தால் இந்தக் கரை எத்தனை தலைமுறைக்கு மீனைப் பார்த்திருக்காது என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது. அன்றைக்குக் குரல் போனது, அயல்வீட்டார் ஓடி வந்தார்கள்.

எட்டு மாதம் கழிந்தது. 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' கப்பலில் நைட்ரிக் அமிலம் இருந்த கொள்கலன் ஒன்று கொழும்புக்கு வருவதற்கு முன்பே கசியத் தொடங்கியிருந்தது. கட்டாரின் ஹமாட் துறைமுகத்திலும் குஜராத்தின் ஹசீரா துறைமுகத்திலும் அதை இறக்க முடியவில்லை. கசிந்துகொண்டே கப்பல் கொழும்புக்கு வந்தது. 2021 மே 20 அன்று தீ மூண்டது. ஜூன் தொடக்கத்தில் கப்பல் அமிழ்ந்தது. ஏறக்குறைய 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் அதில் இருந்தன. மேற்குக் கரையில் மீனவர்கள் தொழிலை இழந்தார்கள், ஆமைகள் செத்து ஒதுங்கின. 2025 ஜூலையில் நம் உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்தும்படி தீர்ப்பளித்தது. தீர்ப்பு நல்ல தீர்ப்புத்தான். ஆனால் அந்தக் கப்பல் எத்தனை கரைகளைத் தொட்டும் விட்டும் வந்தது! வழியில் இருந்த ஒரு வாசலாவது அந்தக் கொள்கலனை ஏற்றிருந்தால், அல்லது அடுத்த வாசலுக்கு உரத்துச் சொல்லியிருந்தால், கதை வேறாகியிருக்கும். மரத்தைக் கண்ட தோணிக்காரர் வாயை மூடிக்கொண்டு ஒதுங்கிப் போனதைப் போன்ற காரியம் இது. எனக்கு இதைச் சொல்ல வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் கூடிப் பேச அமைப்பு இல்லாமல் இல்லை. தெற்காசியக் கூட்டுறவுச் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் 1982 இல் தொடங்கியது; அதன் செயலகம் கொழும்பிலேயே இருக்கிறது. 1995 இல் புதுடில்லியில் வங்காளதேசம், இந்தியா, மாலைதீவு, பாகிஸ்தான், இலங்கை ஆகிய ஐந்து நாடுகளும் தெற்காசியக் கடல்களுக்கான செயற்றிட்டத்தை ஏற்றுக்கொண்டன. எண்ணெயும் இரசாயனமும் கடலில் கலந்தால் ஒருவருக்கொருவர் உதவுவதற்கென ஒரு திட்டமும் உண்டு. மீன்பிடிக்குச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட வங்காள விரிகுடாத் திட்ட அமைப்பு இருக்கிறது. சூரை மீனுக்கு சீசெல்சில் ஓர் ஆணைக்குழு. கடலாமைகளுக்கு 2001 இலிருந்து ஒரு புரிந்துணர்வு உடன்படிக்கை. எல்லோரும் நல்ல வேலைதான் செய்கிறார்கள். ஆனால் மீனை ஒருவர் பார்க்க, ஆமையை இன்னொருவர் பார்க்க, எண்ணெயை மூன்றாமவர் பார்க்கிறார். ஆமையோ இவர்களில் யாரையும் கேட்காமல் ஒடிசாக் கரையில் முட்டையிட்டுவிட்டு நம் கடலுக்கு வந்துபோகிறது. அங்கே அடையாளவில்லை பொருத்திய ஆமைகளை இங்கே கண்டிருக்கிறார்கள். 2025 மே மாதம் கேரளத்துக்கு அப்பால் மூழ்கிய கப்பலின் பிளாஸ்டிக் மணிகளும் அப்படித்தான், சில வாரங்களில் மன்னார்க் கரையில் ஒதுங்கின.

மத்தியதரைக் கடலைப் பாருங்கள். 1975 இல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க விரும்பாத நாடுகள், இஸ்ரேலும் அரபு நாடுகளும், கிரேக்கமும் துருக்கியும், அந்தக் கடலுக்காக ஒரே மேசையில் அமர்ந்தன. அடுத்த ஆண்டே பார்சிலோனாவில் சட்ட வலுவுள்ள உடன்படிக்கை செய்துகொண்டன. அதே 1976 இல் மால்டாவில் ஒரு சிறிய நிலையத்தையும் திறந்தன. கடலில் எண்ணெய் கலந்தால் ஒரு நாட்டின் செய்தியை மற்ற நாடுகளுக்குச் சேர்ப்பதும், ஆட்களைப் பயிற்றுவிப்பதும், உதவியைக் கூட்டுவதும் அதன் வேலை. நம் ஐந்து நாடுகளுக்கிடையே செயற்றிட்டம் இருக்கிறதே தவிர, அப்படிக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை இன்றுவரை இல்லை. அவர்களால் முடிந்தது நம்மால் ஏன் முடியாது? நமக்குள் அவர்களுக்கிடையே இருந்த அளவு பகையா இருக்கிறது?

மறுபடி வாகரைக்கு வருகிறேன். மேலே நாடுகளுக்கிடையே நடப்பது இங்கே கரையில் திணைக்களங்களுக்கிடையே நடக்கிறது. காயங்கேணியின் முருகைக்கற்பாறைகள் 2019 இல் கடற்சரணாலயமாக்கப்பட்டன. அது வனசீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பு. அந்தப் பாறைமேல் மேயும் மீன் கடற்றொழில் திணைக்களத்துக்கு உரியது. கரை மணல் கரையோரம் பேணல் திணைக்களத்துக்கு. கப்பல் எண்ணெய் வந்தால் 2008 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டப்படி கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகாரசபைக்கு. கண்டல் காட்டுக்கு வன இலாகா, இறால் பண்ணைக்கு நீருயிரின வளர்ப்புக்குப் பொறுப்பான நெக்டா அதிகாரசபை, கனிய மணலுக்குச் சுரங்கப் பணியகம். தடைசெய்த வலையைக் கண்டாலும், கண்டல் வெட்டுகிறதைக் கண்டாலும், முதலில் எந்தக் கதவைத் தட்டுவது என்று யோசிப்பதிலேயே ஒரு மீனவனின் காலைப் பொழுது போய்விடும். ஒரு காலைப் பொழுது என்றால் அன்றைய உலை.

தண்ணீருக்கு இந்தப் பிரிவு தெரியாது. கடலில் பொரித்த இறால் குஞ்சு முகத்துவாரம் வழியாகக் களப்புக்குள் வந்து, கண்டல் வேர்களுக்குள் ஒளிந்து வளர்ந்து, பருத்தபின் கடலுக்குத் திரும்புகிறது. வாடைக்காற்று தொடங்கிக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் வள்ளம் கரையேறிவிடும். அப்போது வாகரைக்குச் சோறு போடுவது களப்புத்தான். கரையோர வேடர் குடும்பங்களும் இந்தக் களப்பையும் காட்டையும் நம்பித்தான் காலம் காலமாக வாழ்கின்றன. அதனால்தான் இறால் பண்ணைத் திட்டத்துக்கும் இல்மனைட் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக இந்தச் சனங்கள் வீதிக்கு வந்தார்கள். போரில் இடம்பெயர்ந்து, வெறுங்கையோடு திரும்பி வந்து, மறுபடி வலை கட்டியவர்கள் இவர்கள். அபிவிருத்தி வேண்டாம் என்று இவர்கள் சொல்லவில்லை. தங்களைக் கேட்காமல் தங்கள் கரையைப் பற்றி முடிவெடுக்கவேண்டாம் என்கிறார்கள். அது நியாயம் என்றே இந்த இதழும் கருதுகிறது.

முருகைக்கல்லின் கதி இன்னும் மௌனமானது. 1998 இல் கடல் சூடேறியபோது பாசிக்குடாவின் கற்கள் வெளுத்துச் செத்தன. 2024 ஏப்ரலில் உலகக் கடல்கள் நான்காவது முறையாகப் பெரும் வெளுப்பில் இருப்பதாக அறிவித்தார்கள். பேரலைக்காக நம்மை எச்சரிக்கும் அதே ஐதராபாத் நிலையம், இந்தியாவின் முருகைக்கற்கள் சூட்டில் வெளுக்கும் அபாயத்தையும் முன்கூட்டியே அறிவிக்கிறது. மன்னார் வளைகுடா வரை அந்தக் கண் எட்டுகிறது. காயங்கேணிக்கும் எட்டவைக்க எவ்வளவு செலவாகிவிடும்? அந்த அறிவிப்பு வந்த வாரங்களில் பாறைமேல் நங்கூரம் போடாமல், சுற்றுலாப் படகுகளைச் சற்று விலக்கி வைத்தால்கூடக் கல்லுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும்.

கேட்பது பெரிதொன்றுமில்லை. வாகரைப் பிரதேச செயலகத்தில் ஒரு மேசை. இத்தனை திணைக்களங்களும் மாதம் ஒருமுறை அங்கே வரட்டும். மீனவர் கூட்டுறவுச் சங்கத்தினரும், களப்பில் இறால் பிடிக்கும் பெண்களும் விருந்தாளிகளாக அல்லாமல் உறுப்பினர்களாக அதில் இருக்கட்டும். அங்கே சொல்லப்படுவது கொழும்புக்கும், கொழும்பிலிருந்து சென்னைக்கும் டாக்காவுக்கும் மாலேக்கும் போகட்டும். அங்கிருந்து வருவது தமிழில், கரையில் பேசும் சொல்லில், பனிச்சங்கேணிக்கு வந்துசேரட்டும்.

நம் பங்குக்கு ஒரு சிறு வேலையை இந்த இதழிலிருந்து தொடங்குகிறோம். அடுத்த மாதம் முதல் ஒரு பக்கம் உங்களுக்காக ஒதுக்கப்படும். வெருகல் முதல் வாழைச்சேனை வரை, அதற்கு அப்பாலும், கரையில் இருக்கும் வாசகர்கள் கண்டதை எழுதுங்கள். ஆமை ஏறிய இடம், வெளுத்த கல், ஒதுங்கிய பிளாஸ்டிக் மணி, வழக்கத்துக்கு மாறாக வந்த மீன், வராமல் போன மீன். திகதியும், இடமும், அன்றைக்கு அடித்த காற்றும் குறித்து எழுதுங்கள். எழுத்துப் பிழைகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பள்ளிப் பிள்ளைகள் தாத்தா சொல்லச் சொல்ல எழுதி அனுப்பினால் எனக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி. வருபவற்றை அச்சிடுவதோடு, ஒவ்வொன்றையும் உரிய அலுவலகத்துக்கு நானே அனுப்பி, வந்த பதிலையும் அதே பக்கத்தில் வெளியிடுவேன்.

முதற் குறிப்பை நானே எழுதிவிட்டேன். பனிச்சங்கேணிப் பாலம், காலை நேரம், நீர் கடல்பக்கம் இழுக்கிறது, ஒரு மரம் மிதந்து போனது, வலைகள் தப்பின.

அன்புடன்,
ஆசிரியர்