குழந்தைகளுக்கென்று ஒரு நூலகர் வேண்டும்!

“நூலகத்தில் என்ன பெரிய வேலை? நிழலில் உட்கார்ந்து முத்திரை குத்துற உத்தியோகம்தானே!” என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பெரியவர்கள் பேப்பர் பார்க்க வரும் நேரத்துக்கு வேண்டுமானால் அது பொருந்தலாம். குழந்தைகள் வர ஆரம்பித்துவிட்டால் முத்திரையோடு வேலை முடிவதில்லை. பிள்ளைக்குச் சோறு ஊட்டிப் பழகிய நமக்கு இது நன்றாகவே புரியும். தட்டில் போட்டு வைத்தால் மட்டும் பிள்ளை சாப்பிட்டுவிடுமா என்ன?

தர்மபுரி மாவட்டத்தில், எங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குப் பேரப்பிள்ளைகளை அழைத்துப் போவது என் வழக்கம். அங்கே பொறுப்பில் இருக்கிற அம்மாவின் வேலையைப் பார்த்த பிறகுதான் இதை எழுதத் தோன்றியது. காலையில் நாளிதழ்களை அடுக்குவது, பதிவேடு எழுதுவது, கிழிந்த அட்டைக்குப் பசை தடவுவது, பெருக்கிச் சுத்தம் செய்வது எல்லாம் அவர் ஒருவரேதான். சாயந்திரம் பள்ளி விட்டதும் பிள்ளைகள் வந்து மொய்த்துக்கொள்வார்கள். அவருடைய உண்மையான வேலை அப்போதுதான் ஆரம்பிக்கும்.

ஐந்தாம் வகுப்புப் பையன் எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். அவன் கையில் ‘ஒண்ணாங்கிளாஸ் புஸ்தகம்’ என்று சொல்லிக் கொடுத்தால் வெட்கப்பட்டு ஓடிவிடுவான். “தம்பி, இதை உன் தங்கச்சிக்குப் படிச்சுக் காட்டேன்” என்று அதே சின்னப் புத்தகத்தைக் கொடுக்கிறார். அவனும் பெருமையாக வாங்கிக்கொண்டு போகிறான். எங்கள் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற குடும்பங்கள் நிறைய. அந்தப் பிள்ளைகளுக்குப் படம் பெரிதாகவும் எழுத்து குறைவாகவும் உள்ள புத்தகம் எது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அப்பா அம்மா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட, பாட்டியிடம் வளர்கிற பிள்ளைகளை இருட்டுகிற நேரம் பார்த்து முதலில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். இதெல்லாம் எந்தப் பதிவேட்டில் ஏறும்?

எனக்கு மனம் கனத்துப்போவது பெண் பிள்ளைகள் விஷயத்தில்தான். ஆறாம் வகுப்பு வரை துள்ளிக்கொண்டு வரும் பெண், வயசுக்கு வந்ததும் நின்றுவிடுகிறாள். “ஆம்பளைங்க உக்காந்திருக்கிற எடத்துல பொண்ணுக்கு என்ன வேலை?” என்கிறார்கள் வீட்டில். அப்படி நின்ற ஒரு பெண்ணுக்கு, அவள் தம்பியின் அட்டையில் புத்தகம் கொடுத்து அனுப்புகிறார் இந்த அம்மா. 2011 கணக்கெடுப்பின்படி எழுத்தறிவில் தமிழகத்திலேயே கடைசியாக நின்றது எங்கள் மாவட்டம். மாநில அளவு 80 சதவீதம் இருக்க, இங்கே 69 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் சுமார் 60தான். அந்தப் பெண்ணின் கைக்குப் போய்ச் சேர்கிற ஒரு புத்தகம் எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போது புரிகிறதல்லவா?

நூலகவியலின் தந்தை என்று போற்றப்படும் சீர்காழி எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-ல் ஐந்து விதிகளை வகுத்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் கிடைக்க வேண்டும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் அமைய வேண்டும் என்பன அவற்றில் இரண்டு. அதே 1931-ல் மன்னார்குடியில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டு போனார்கள். வாசகர் வரட்டும் என்று காத்திராமல், வாசகரைத் தேடிப் போகிற பழக்கம் நம் மண்ணில் அன்றைக்கே இருந்திருக்கிறது. நாடு விடுதலை பெற்ற பின் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்ததும் நம் மாநிலம்தான், 1948-ல். வீட்டு வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியும் நாம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆகவே நூலகத்தில் நாம் கேட்பது நம் உரிமை.

சென்னையில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்று அழகான பகுதி அமைத்திருக்கிறார்கள். சந்தோஷம். பென்னாகரத்துப் பிள்ளையும் அரூர்ப் பிள்ளையும் தினமும் பஸ் ஏறிப் போகிற தூரமா அது? அவர்களுக்குக் கட்டடம் அவ்வளவு பெரிதாக வேண்டாம். கைக்கெட்டும் உயரத்தில் ஒரு அலமாரி, தரையில் ஒரு பாய், பிள்ளைகளின் பெயர் தெரிந்த ஒருவர், இவ்வளவு போதும்.

அரசுக்கு என் வேண்டுகோள் இதுதான். எல்லா வேலையையும் ஒருவர் தலையிலேயே கட்டாமல், கிளை நூலகங்களில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற ஒருவரைத் தனியே நியமிக்க வேண்டும். அதுவரை வாரத்தில் இரண்டு சாயந்திரமாவது பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டும் என்று ஒதுக்கலாம். “பொண்ணுக்கு அங்க என்ன வேலை” என்கிற பேச்சு அதிலேயே பாதி அடங்கிவிடும்.

சகோதரிகளே, நமக்கும் இதில் பங்கு உண்டு. டிவி சீரியலுக்கும் செல்போனுக்கும் போகிற நேரத்தில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, நாமே மகளைக் கையோடு கூட்டிப் போனால் யார் தடுக்கப் போகிறார்கள்? அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாரப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தாலே போதும், மகள் தைரியமாகப் புத்தகம் தேடுவாள். படிக்கத் தெரியாத தாய்மாரும் போகலாம். பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேட்கலாமே! உறுப்பினராவதற்குப் பெரிய தொகை எதுவும் ஆகாது. அடுத்த முறை போகும்போது, “உங்களுக்கு என்னங்க உதவி வேணும்?” என்று அந்த நூலக அம்மாவையும் ஒரு வார்த்தை கேளுங்கள். கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை போட நாலு பேர் கை கொடுத்தால், அந்த நேரத்தில் அவர் பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு கதை சொல்வார்.

- ஒரு வாசகி, தர்மபுரி மாவட்டம்